மடித்து வைக்கிற துவக்கு

ஹட்டனில் வளர்ந்த எனக்குத் துவக்கு என்றால் பன்றி விரட்ட தோட்டத்து வாச்சர் தூக்கித் திரிந்த ஒற்றைக்குழல்தான். போன மாதம் டெக்சாஸில் மச்சான் பையிலிருந்து கெல்டெக் சப் 2000 என்ற துவக்கை எடுத்தபோது, சத்தியமாக, மடித்த குடை என்றுதான் நினைத்தேன். மடித்தால் 16 அங்குலம், எடை இரண்டு கிலோகூட இல்லை, சுடுவது 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா, அவனுடைய க்ளொக் பிஸ்டலின் மகசினே, அதாவது தோட்டா அடைக்கிற பெட்டியே, இதற்கும் பொருந்துகிறது, விலையும் மலிவு, வாங்கியதற்கு அதுதான் காரணமாம்.

முதல் மகசின் எங்கே போனதென்றே தெரியாது. அப்புறம் 25 யார் தூரத்தில் நிதானமாகச் சுட, உள்ளங்கை அளவுக்குள் விழுந்தது. ஆனால் கன்னம்! பின்கட்டை வெறும் குழாய், ஒவ்வொரு வெடிக்கும் தாடையில் ஒரு தட்டு. ப்ளோபேக் என்பதால், அதாவது பூட்டு எதுவுமில்லாமல் தோட்டாவுக்குப் பின்னால் நிற்கிற போல்ட்டின் பாரமும் ஸ்பிரிங்கும் மட்டுமே எல்லாவற்றையும் தாங்குவதால், நான் எதிர்பார்த்ததைவிட உதை கூட. நடுவில் மடிவதால் மேலே ரெட் டாட், அதாவது சிவப்புப் புள்ளி காட்டுகிற குறிபார்க்கும் கருவி, பூட்டினால் மடிக்க முடியாது, மச்சானுடையது பழைய மாடல். மூன்றாம் தலைமுறையில் முன்பகுதியைத் திருப்பிவிட்டு மடிக்கலாம்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பன்றிக்குச் சரிப்படுமா?" என்று மட்டும் கேட்டார். சரிப்படாது.