கப்பல் கடப்பதைக் கொறிக்கலாம்

‘கப்பல் கடப்பதைக் கொறிக்கலாம் (3)’. சென்ற சனிக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரியில் வரும்போது என்னை வாட்டி எடுத்த குறுக்கெழுத்துக் குறிப்பு இது. குறுக்கே வரும் சொற்களும் பிடிபடாததால் ஓர் எழுத்துகூடக் கையில் இல்லை. மூன்று எழுத்துக்குச் சரியாக வருகிறதே என்று ‘நீரிணை’ என எழுதிவைத்தேன். நீரிணையை யாரும் கொறிப்பதில்லை என்பது தெரிந்துதான் எழுதினேன்.

லிட்டில் இந்தியாவில் நாங்கள் வழக்கமாகக் கூடும் தேநீர்க் கடையில் சார் ஏற்கெனவே பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்கோடு உட்கார்ந்திருந்தார். தாளைப் பார்த்துவிட்டு, “எதைக் கடந்தும்மா வந்தே?” என்று மட்டும் கேட்டார். “கடலை” என்றேன். சொல்லி முடித்த பிறகே அது என் காதில் விழுந்தது. கடல் ஐயுருபு ஏற்றால் கடலை. நம் ஊரில் கச்சாங் என்று பொட்டலம் கட்டித் தருவதும் அதேதான்.

சார் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தில் குறுக்கெழுத்துப் புதிரைப் பென்சிலால் வரைந்து, வெள்ளிக்கிழமை இரவு படமெடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்புவார். விடை மறுநாள் தேநீர்க் கடையில்தான் கிடைக்கும்.

அவருடைய குறிப்புகளோடு பல மாதங்கள் மல்லுக்கட்டியதில் நான் கற்றுக்கொண்டது, குறிப்பு சொல்லும் கதையை நம்பக் கூடாது என்பதுதான். ‘வால் இழந்த லாபம் திரும்பினால் முக்கனியில் ஒன்று (2)’ என்றதும் மனம் வட்டிக்கும் வாணிகத்துக்கும் ஓடிவிடுகிறது. உண்மையில் ‘முக்கனியில் ஒன்று’ என்பதே பொருள். மற்றவை எல்லாம் ‘லாபம்’ என்ற சொல்லின் எழுத்துகளை என்ன செய்ய வேண்டும் என்னும் கட்டளை. வாலாகிய ‘ம்’ போனால் ‘லாப’. அதைத் திருப்பினால் ‘பலா’. முதலில் திருப்பிவிட்டு அதன் பிறகு வாலை வெட்டுகிறவருக்கு ‘ம்ப’ என்பதுதான் மிஞ்சும். கலைந்தது, குழம்பியது என்று வரும் குறிப்புகள் இவ்வளவு கடினமல்ல. ‘கதவு கலைந்தால் தகுதி’ என்றால், மூன்று எழுத்துகளை அடுக்க 6 வழிகளே உண்டு. ஒன்று கதவாகவே நிற்கிறது. மற்ற ஐந்தையும் தாள் ஓரத்தில் எழுதிப் பார்த்தால் ‘தகவு’ கண்ணில் படும். ‘தக்கார் தகவிலர்’ என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு எழுதிப் பார்க்கும் வேலையும் இல்லை.

ஆனால் எனக்கு அதிகம் கைகொடுப்பது இலக்கணம். ஆங்கிலப் புதிரில் ஒரு கட்டம் நிரம்பினால் ஒரு மெய்யோ ஓர் உயிரோதான் தெரியும். தமிழில் ‘கி’ என்று ஒரு கட்டம் நிரம்பினால் மெய்யும் உயிரும் சேர்ந்தே கிடைக்கின்றன. புள்ளி எழுத்து கிடைத்தாலோ அடுத்த கட்டத்துக்கும் பாதி வழி திறந்துவிடுகிறது. ‘ங்’ வந்தால் பின்னால் வருவது பெரும்பாலும் ககர வரிசைதான். க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மோடு தாமே மயங்கும், வேறு மெய்யோடு சேரா என்பது மெய்ம்மயக்க விதி. ழகரத்தை முதலெழுத்தாகக் கொண்ட தமிழ்ச் சொல்லும் இல்லை.

இந்த மெய்ம்மயக்க விதியை நம்பித்தான் ஒருமுறை மோசம் போனேன். மேலிருந்து கீழாக ‘நம் தீவு வெற்றிலையோடு சேரும் (3)’ என்று ஒரு குறிப்பு. மலாயில் பினாங் என்றால் பாக்கு, மகிழ்ச்சியோடு எழுதினேன். அதன் நடு எழுத்தான ‘க்’, இடமிருந்து வலமாகச் செல்லும் ‘ஈசனின் பாதி (3)’ என்பதன் நடுவிலும் அமர்ந்தது. அப்படியென்றால் கடைசி எழுத்து ககர வரிசையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி நாக்கு, மூக்கு, வாக்கு, சுக்கு என்று அடுக்கிப் பார்த்தேன். எதுவும் ஈசனோடு ஒட்டவில்லை. கடைசியில் சரியாக இருந்த பாக்கையே அழித்துவிட்டேன். விடை ‘சக்தி’. வடசொல் என் விதிக்கு எப்படிக் கட்டுப்படும்? தமிழ் முறைப்படி ‘சத்தி’ என்றல்லவா போட்டிருக்க வேண்டும் என்று சண்டைக்குப் போனேன். “கோயில்ல போய்ச் சத்தின்னு கூப்பிட்டுப் பாரும்மா” என்றார்.

கட்டம் போட்ட இந்த விளையாட்டு 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளேட்டில் ஆர்தர் வின் வெளியிட்ட வைர வடிவப் புதிரிலிருந்து வளர்ந்தது. இதைச் சொன்னால் சார் ஒப்புக்கொள்வார். எழுத்தைக் குறைத்து வேறு சொல் காண்பதும் திருப்பிப் படிப்பதும் அங்கிருந்து வந்தவை என்றால் மட்டும் கோபம் வரும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில், எழுத்தைக் குறைத்துக்கொண்டே போகும் அக்கரச்சுதகமும் திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றும் என்ன என்று கேட்பார். அந்த வகையில் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது.

சக்தி விவகாரத்துக்குப் பிறகு வந்த தாள்களில், வடசொல் விடையாக வரும் குறிப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘வட.’ என்று போடுகிறார். அதை நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.