பால் லேபில் கெர்பர் ஆசிட் கலக்கப் பழகியபோது

பால் குளிரூட்டும் நிலைய லேபில் சேரும் யாருக்கும் முதலில் கையில் கிடைப்பது பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லாக்டோமீட்டர்தான். ஆசிட் பக்கம் விட நாளாகும். எனக்கும் அப்படித்தான். இப்போது பாலின் ஃபேட் (கொழுப்பு) பார்க்க மெஷின் வந்துவிட்டது. ஆனால் மெஷின் காட்டும் அளவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும், "என் பாலில் இவ்வளவு குறையாதே" என்று விவசாயி ஒருவர் கேட்டால் பதில் சொல்லவும் எங்கள் லேபில் இன்றும் கெர்பர் டெஸ்ட்தான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் கெர்பர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்த முறை இது. அடர் கந்தக அமிலம் பாலில் உள்ள புரதத்தைக் கரைத்துவிடும். கொழுப்பு தனியாகப் பிரிந்து, பியூட்டிரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயின் மேல் பகுதியில் வந்து நிற்கும். கோடுகளைப் பார்த்து அளவைப் படித்துக்கொள்ளலாம்.

இதற்கு, கேனில் வரும் 98 சதவீத ஆசிட்டை அப்படியே ஊற்ற முடியாது. தண்ணீர் சேர்த்து 90 முதல் 91 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அதைத்தான் கெர்பர் ஆசிட் என்போம். 27 டிகிரி செல்சியஸில் அதன் அடர்த்தி 1.807-க்கும் 1.812-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆசிட்டின் அடர்த்தி கூடிவிட்டால் எல்லாம் கருகி, கொழுப்புக்குக் கீழே கருப்புத் துகள்கள் நிற்கும். அடர்த்தி குறைந்தால் புரதம் முழுசாகக் கரையாமல் வெள்ளையாகத் திரிதிரியாகத் தங்கும். இரண்டிலுமே ரீடிங் தப்பும், விவசாயிக்குப் போய்ச் சேரும் பணமும் தப்பும். அதனால் ஆசிட் கலக்குவதை எங்கள் லேபில் சில்லறை வேலையாக யாரும் நினைப்பதில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே பல வருடம் வேலை பார்த்த ஓர் அக்கா. முதல் நாளே அவர் சொன்னது இது: "தம்பி, ஆசிட் பட்டா புண்ணாகும்னு எல்லாருக்கும் தெரியும். தண்ணி சேர்ந்தா அது கொதிக்கும்ங்கறதைத்தான் மறந்துடுறாங்க." கல்லூரியில் 'தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது' என்று படித்திருந்தேன். பரீட்சையில் எழுதியும் இருந்தேன். ஆனால் அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது ஆசிட் கலக்கிய பீக்கரைக் கையுறையோடு தொட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. அடர் ஆசிட்டின் எடை தண்ணீரைப் போல கிட்டத்தட்ட 1.84 மடங்கு. அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் கிளம்பும் சூட்டில் அந்தத் தண்ணீர் கொதித்து, காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்தாற்போல ஆசிட்டையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். மாற்றி ஊற்றினால் கனமான ஆசிட் கீழே இறங்கிக் கலந்துவிடும், சூடும் தண்ணீர் முழுக்கப் பரவும்.

கெர்பர் ஆசிட் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு லிட்டர் 98 சதவீத ஆசிட்டுக்குத் தேவைப்படும் தண்ணீர் ஏறக்குறைய 150 மில்லிதான். அதாவது, கொஞ்சூண்டு தண்ணீரில் ஏராளமான ஆசிட்டை இறக்குகிறோம். சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே தண்ணீர் போதாது. குளிர்விக்காமல் தொடர்ந்து ஊற்றினால் நூறு டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். முறையாக ஊற்றினால் மட்டும் போதாது, மெதுவாகவும் ஊற்ற வேண்டும்.

ஊற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதே அதிகம். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது. பக்கமெல்லாம் மூடிய காகில்ஸ் போட்டு, அதற்கு மேல் முகத்தை மறைக்கும் ஷீல்டும் போட வேண்டும். டாக்டர்கள் போடும் மெல்லிய கிளவுஸ் அடர் ஆசிட்டுக்குத் தாங்காது. மெல்லிய நைட்ரைலும் அப்படித்தான். நியோபிரீன் மாதிரி கனமான, முழங்கை வரை வரும் கையுறைதான் வேண்டும். ரப்பர் ஏப்ரன், கம்பூட்ஸ். பேண்ட்டை பூட்ஸுக்குள் செருகக் கூடாது, வெளியே விட வேண்டும். செருகினால் வழிகிற ஆசிட் நேராகக் காலுக்குள் இறங்கும். அக்கா துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த மேஜைக்கு வருவார். அப்புறம் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்போம். மோட்டார் ஓடாமல் டேங்க் காலியாக இருந்தால் அன்றைக்கு ஆசிட் கலக்குவதில்லை. இதில் மட்டும் அக்கா யார் சொன்னாலும் கேட்கமாட்டார், நானும் இன்றுவரை அப்படித்தான்.

ஐந்து லிட்டர் கேன் ஒன்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அளவைப் பார்த்து ஒரு கையால் தூக்கினால் கை தொங்கிவிடும். அதனால் அது தரைமட்டத்தில், பிளாஸ்டிக் தட்டுக்குள்தான் இருக்கும். கண்ணுக்கு மேலே உள்ள எந்த அலமாரியிலும் ஆசிட் ஏறக் கூடாது. டெஸ்டில் ஆசிட்டோடு சேர்க்கும் அமைல் ஆல்கஹால் தீப்பிடிக்கக்கூடியது, அதற்குத் தனி இடம்.

கலக்கும்போது பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸும் தண்ணீரும் போட்டு, இரண்டு லிட்டர் போரோசில் பீக்கரை அதில் நிறுத்துவோம். சாதாரணக் கண்ணாடி இந்தச் சூட்டில் விரிசல் விட்டுவிடும். பீக்கரில் முதலில் காய்ச்சி வடித்த தண்ணீர். அதன் ஓரத்தில் கண்ணாடிக் குச்சியைச் சாய்த்து, குச்சி வழியாக ஆசிட்டை நூல்போல இறக்க வேண்டும். முதல் கொஞ்சம் விழுந்தவுடனேயே பாகு ஓடுவது மாதிரி உள்ளே கோடுகோடாகத் தெரியும், பீக்கரின் வெளிப்புறத்தை ஒட்டியிருக்கும் ஐஸ் சட்டென்று உருகும். அங்கேயே நிறுத்த வேண்டும். கலக்கி, ஆற விட்டு, அப்புறம்தான் அடுத்த ஊற்று. ஆரம்பத்தில்தான் சூடு மிக அதிகம் என்பதால் முதல் கால் பங்கை இறக்குவதற்கு மிச்சம் முழுவதையும்விட அதிக நேரம் பிடிக்கும். எல்லாம் முடிந்து 27 டிகிரிக்கு வந்த பிறகு ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்ப்போம். சூடாக இருக்கும்போது பார்த்தால் அடர்த்தி குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி இன்னும் ஆசிட் சேர்த்தால் அளவு தப்பிவிடும்.

கலந்ததை பாட்டிலில் ஊற்றி உடனே இறுக மூட வேண்டும். கந்தக அமிலம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் மூடி சரியாக மூடாத பாட்டிலில் அடர்த்தி இறங்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

டெஸ்ட் செய்யும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பியூட்டிரோமீட்டரில் முதலில் 10 மில்லி ஆசிட், அதன் மேல் 10.75 மில்லி பால், பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். ஆசிட்டின் மேல் பாலை ஊற்றுகிறோமே, இது அந்த விதிக்கே எதிராக இருக்கிறதே என்று கேட்டேன். அக்கா ஒரு குழாயை எடுத்து, பிப்பெட்டின் முனையைச் சுவரில் சாய்த்துப் பாலை மெல்ல விட்டுக் காட்டினார். பால் ஆசிட்டோடு கலக்காமல் மேலே தனி அடுக்காக நின்றது. நடுவில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு மட்டும். "இப்போ கலக்கலை. மூடி போட்டப்புறம் நாமதான் கலக்கப் போறோம். சூடு அப்பத்தான் வரும், உன் கைக்குள்ள வரும்." அப்படியே நடந்தது. ஸ்டாப்பரைப் போட்டுத் துணியில் சுற்றிக் குலுக்கியதும் குழாய் முழுக்க அடர் பழுப்பாகி, துணியைத் தாண்டிச் சூடு தெரிந்தது. மூடிய கண்ணாடிக்குள் அவ்வளவு சூடும் அழுத்தமும் இருக்கும்போது ஸ்டாப்பர் நழுவினால் என்னாகும்? அதனால்தான் குழாயின் கழுத்தில் பால் படவே கூடாது. ஈரக் கழுத்தில் ரப்பர் ஸ்டாப்பர் பிடிக்காது. வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம் பார்த்திருக்க வேண்டும். பிறகு நிமிடத்துக்கு 1,100 சுற்று சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ், 65 டிகிரி வாட்டர் பாத், ரீடிங்.

எங்களுக்குப் பால் அனுப்பும் ஒரு சொசைட்டியிலிருந்து பழக வந்த பையன் ஒருவனுக்கு அந்த ஸ்டாப்பர் ஒருநாள் நழுவியது. முன்கையில் கொட்டிவிட்டது. யாரோ மஞ்சள்தூள் எடுத்துவர ஓடினார்கள், இன்னொருவர் சோடா உப்பைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா இருவரையும் தடுத்து, அவன் கையைக் குழாயடியில் பிடித்துவிட்டார். சட்டையின் கையை வெட்டி எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். எரிச்சல் குறைந்ததும் அவன் கையை இழுத்தான், அவர் விடவில்லை. புண் மேல் சோடா உப்பைப் போட்டால் ஆசிட்டோடு சேர்ந்து அது தனியாகச் சூடு கிளப்பும், தண்ணீர் ஊற்றும் நேரமும் போய்விடும். பற்பசை, மஞ்சள், மை எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதேபோல் கழுவிக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்ய வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்தப் பையனுக்குத் தோல் உரிந்து நிறம் மாறியதோடு போயிற்று. குழாய் பக்கத்தில் இல்லாத ஓர் அறையில் இது நடந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் வரும்.

சோடா உப்புக்கு இடம் தரையில்தான். ஆசிட் சிந்தினால் மணலால் சுற்றி வளைத்து, சோடாவை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, நுரை அடங்கிய பிறகு தண்ணீர். டெஸ்ட் முடிந்த பழுப்புக் கழிவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் டிரம்மில் ஆற விட்டு, சுண்ணாம்புப் பாலில் மெல்லச் சேர்த்தால் ஜிப்சமாக வெள்ளைச் சேறு படியும். தெளிந்த நீரின் பி.எச். 5.5-க்கும் 9-க்கும் இடையில் வந்த பிறகே கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு அனுப்புவோம். லேப் கோட்டுத் துணியில் தெறித்த துளிகளையும் விட்டுவைக்காதீர்கள். நீர்த்த ஆசிட்டாக இருந்தாலும் காயக் காய அடர்த்தி கூடும், அடுத்த துவைப்பில் துணியில் ஓட்டை விழும்.

கடைசியாக ரெஜிஸ்டர். ஆசிட் வீச்சுக்கு ஆளான லட்சுமி தொடுத்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட் விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தபோது, ஆசிட்டை இருப்பு வைக்கும் ஆய்வகங்களும் பயன்பாட்டுப் பதிவேடு வைக்க வேண்டும், அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றது. எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு மிச்சம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, அலமாரியைப் பூட்டிய பிறகுதான் காகில்ஸைக் கழற்றுவேன்.

கிராமத்துச் சொசைட்டிகளில் டெஸ்ட் செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 98 சதவீத ஆசிட்டை வாங்கி நீங்களே கலக்காதீர்கள். ஐஸும் போரோசிலும் ஓடும் தண்ணீரும் இல்லாத இடத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். 90–91 சதவீதத்துக்குத் தயாராகவே கெர்பர் ஆசிட் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூடினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். கூடவே காகில்ஸும் கனமான கையுறையும் எழுதிக் கேளுங்கள்.