மைனஸ் 40 டிகிரி

காரைக் கொண்டுவந்தவர் சாவியை நீட்டுவதற்கு முன்பே ஒரு காகித உறையை நீட்டினார். உள்ளே கழற்றிப்போட்ட சென்சார்கள் இரண்டு. இரண்டுமே கூலன்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், வெப்பத்தை அளப்பவை. “இரண்டு முறை மாற்றிவிட்டார்கள் தம்பி. இன்ஜின் கோளாறு விளக்கு எரிகிறது, சில நாளில் தானாக அணைகிறது, மறுபடி எரிகிறது” என்றார். போகிற போக்கில், “மேட்டில் ஏறும்போதுதான் வருகிறதோ என்று எனக்கொரு சந்தேகம்” என்றும் சொன்னார். தலையாட்டினேனே தவிர, அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 15 ஆண்டு ஓடிய காருக்கு மேடு என்ன, பள்ளம் என்ன என்று நினைத்தேன்.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0118 என்ற கோளாறுக் குறியீடு வந்தது. கூலன்ட் வெப்ப சென்சாரின் மின்சுற்றில் மின்னழுத்தம் வரம்பை மீறியிருக்கிறது என்று பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. மின்சுற்று என்றால் கனெக்டர், இரண்டு ஒயர்கள், கணினி எல்லாம் சேர்ந்ததுதான். அவசரத்தில் படிப்பவர் கண்ணுக்கு ‘சென்சார்’ மட்டுமே தெரியும்.

குறியீட்டை நான் உடனே அழிப்பதில்லை. கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் எப்படி இருந்தது என்பதைக் கணினி எழுதி வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்போம். அழித்தால் அதுவும் போய்விடும். இதில் கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்றிருந்தது. உள்ளே போகும் காற்று 46 டிகிரி. வேகம் 11 கிலோமீட்டர். இன்ஜின் சுமை 87 சதவீதம்.

மைனஸ் 40க்கு ஒரு கதை உண்டு. இந்த சென்சார் சூடேறச் சூடேற மின்தடை குறையும் ஒரு பொருள், அவ்வளவுதான். கணினி 5 வோல்ட் அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. குளிர் கூடினால் மிஞ்சுவதும் கூடும். ஒயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். உலகமே உறைந்துவிட்டதாகக் கணினி எண்ணி, தன் அளவுகோலின் அடிமட்டத்தைக் காட்டிவிடும். செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகிற இடமும் அதுவே என்பதால், ஸ்கேனர் எந்த அலகில் இருக்கிறது என்று பார்க்கும் வேலை மிச்சம்.

ஆக, எங்கோ தொடர்பு விட்டுப்போகிறது. இவ்வளவு தெரிந்தும் ஒரு மணி நேரத்தை வீணடித்தேன். சென்சாரின் தடை சரி. கனெக்டர் பின்கள் இறுக்கம். ஒயரை ஆட்டிப் பார்த்தாலும் அளவு அசையவில்லை. கார் நின்றுகொண்டிருந்தது, நானும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிறகுதான் 11 கிலோமீட்டரையும் 87 சதவீதத்தையும் சேர்த்துப் படித்தேன். முதல் கியரில் திணறி ஏறும் கார். அவர் சொன்ன மேடு!

உடன் வேலை செய்பவரை உள்ளே உட்கார வைத்தேன். கை பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னேன். இன்ஜின் ஒரு பக்கம் எழும்பி உட்கார்ந்தது. ஸ்கேனரில் 89 டிகிரி சட்டென்று மைனஸ் 40க்கு விழுந்து, மறு நொடி மேலே வந்தது. இன்ஜினை பாடியில் தாங்கிப் பிடிக்கும் மவுண்டின் ரப்பர் கிழிந்திருந்தது. ஒயர்க் கட்டை யாரோ பாடியோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இன்ஜின் எழும்பும்போதெல்லாம் அது இழுபட்டிருக்கிறது.

ஒயர்களின் மேலுறையில் கீறல்கூட இல்லை. ஒவ்வொன்றையும் இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன். ஒன்று விறைப்பாக நின்றது. இன்னொன்று ரப்பரைப் போல நீண்டது. உறையைப் பிளந்தால் உள்ளே செம்பு இழைகள் அறுந்து, நுனிகள் கறுத்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன.

கொஞ்சம் நீளமான ஒயர்த் துண்டை இணைத்து, தளர்வாகக் கட்டினேன். மவுண்டையும் மாற்றினோம், அதை விட்டிருந்தால் புது ஒயருக்கும் அதே கதிதான்.

கழற்றிய சென்சார்கள் இரண்டையும் வெந்நீரில் போட்டு மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் தடை ஒழுங்காக இறங்கியது. அதே உறையில் திருப்பிக் கொடுத்து, “மேட்டில்தான் வருகிறது என்று நீங்கள் சொன்னது சரி ஐயா” என்றேன்.

“முன்பு பார்த்தவர்களிடமும் சொன்னேன்” என்றார்.