ஒரு காலா, நாலு காலுமா?

நாய் காலைக் கடித்துக்கொண்டே இருக்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. சென்னையில் நாயைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுவருபவர் ஒருவர். அதற்குச் சோறு வைத்து, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பகல் முழுக்கக் கூட இருப்பவர் இன்னொருவர். எனக்கு வேண்டிய தகவல் எப்போதும் அந்த இரண்டாமவரிடம்தான் இருக்கும்.

வேளச்சேரியிலிருந்து ஒரு லாப்ரடார் வந்தது. "ஸ்ட்ரெஸ் டாக்டர், நான் திரும்ப ஆபீஸ் போக ஆரம்பிச்சதுல இருந்து இப்படித்தான்" என்றார் மகன். பின்னால் நின்ற அம்மா மெதுவாக, "வலது முன்னங்கால மட்டுந்தான் கடிக்கிறான். அதுவும் நேத்து ராத்திரியிலேருந்துதான்" என்றார். விரல்களை விரித்துப் பார்த்தேன். இடுக்கில் ஆமணக்கு விதை மாதிரி உப்பிப்போய் ஒரு உண்ணி, பக்கத்தில் பொடியாக இன்னும் சில. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவதெல்லாம் வேண்டாம். உண்ணி எடுத்த நாய் பிறகு சோர்ந்து படுத்தாலோ, சாப்பிடாமல் இருந்தாலோ ரத்தப் பரிசோதனை அவசியம். எர்லிக்கியா என்ற கிருமியால் வரும் காய்ச்சல் உண்ணி வழியாகத்தான் வருகிறது.

ஒரு கால் என்றால் முள், உண்ணி, உடைந்த நகம், கண்ணாடித் துண்டு என்று தேடலாம். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்து அடிப்பாதம் வெந்திருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட காலை நக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்தாறு விநாடி தாங்க முடியவில்லை என்றால் வாக்கிங் வேண்டாம்.

நாலு காலும் என்றால் பெரும்பாலும் அலர்ஜி. வீட்டுத் தூசியில் இருக்கும் நுண்பூச்சி, புல், மகரந்தம், சில நாய்களுக்கு உணவு. வெளுத்த முடி உள்ள நாயின் விரலிடுக்கு துருப்பிடித்த நிறத்தில் இருந்தால் அது வெகுநாளாக நக்குகிறது என்று அர்த்தம். எச்சில் கறை அது. ஐப்பசி, கார்த்திகையில் இதோடு ஈரமும் சேர்ந்துகொள்ளும். மழைத்தண்ணீரில் நடந்துவிட்டு வந்த காலை யாரும் துடைப்பதில்லை. இரண்டு வாரத்தில் புளித்த வாடை அடிக்கும், ஈஸ்ட் என்ற பூஞ்சை வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே வந்ததும் காலைக் கழுவி, விரல்களுக்கு நடுவே துணியை விட்டு ஒற்றி எடுத்தாலே பாதித் தொல்லை தீரும். கழுவுவதைவிடக் காயவைப்பதுதான் முக்கியம். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவினால் அதையும் சேர்த்து நக்கும். டெட்டால் கூடவே கூடாது. பினாயில் போட்டுத் துடைத்த தரை காயும்வரை நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

"ஒரு ஊசி போட்டு விட்டுருங்க டாக்டர்" என்பது தினமும் கேட்கும் வேண்டுகோள். ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு நிற்கும், எனக்கும் நல்ல பெயர் கிடைக்கும். கொஞ்ச நாளில் அரிப்பு திரும்பும். அதையே திரும்பத் திரும்பப் போட்டால் நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஊதிப்போகும். தேவைப்படும் இடத்தில் நானும் போடுகிறேன்தான், ஆனால் காரணத்தைத் தேடுவதற்குப் பதிலாக அல்ல. உணவு அலர்ஜியா என்று பார்க்க எட்டு வாரமாவது அது இதுவரை தின்னாத ஒரே வகை உணவை மட்டும் கொடுக்க வேண்டும். தாத்தா தட்டிலிருந்து ஒரு துண்டு கோழி போனாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அதனால் இந்த விஷயத்தை நான் தாத்தாவிடமே நேராகப் பேசிவிடுவேன், தேவைப்பட்டால் போன் போட்டாவது.

காயம் ஆறும்வரை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டி அனுப்புவோம். நாய் கதவில் முட்டி, சோற்றுத் தட்டைக் கவிழ்த்து, பார்ப்பவர் மனம் இளகும்படி நிற்கும். மறுவாரம் புண்ணோடு திரும்பி வரும்போது கூம்பு இருக்காது. வீட்டில் யாரும் கழற்றவில்லையாம், அதுவாகவே கழன்றுவிட்டதாம்.