போர்தாவின் கிளப்

பதவி உயர்வோடு கொல்கத்தாவுக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டும் ஒரே கவரில்தான் வரும். மாற்றல் வேண்டாம் என்றால் பதவி உயர்வையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய நாற்காலியிலேயே உட்கார வேண்டியதுதான். எனக்கு அப்போது சம்பள உயர்வு தேவைப்பட்டது. தொண்ணூறுகளின் நடுவில் டல்ஹவுசி சதுக்கத்தை ஒட்டிய ஒரு கிளையில் கேஷ் ஆபீசராகப் போய்ச் சேர்ந்தேன். சதுக்கத்துக்குப் பெயர் மாற்றிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அங்கே வேலைக்கு வருகிறவர்கள் யாரும் டல்ஹவுசியை விடவில்லை.

அந்தக் கிளையின் ஹெட் கேஷியரை மேனேஜர் முதல் டீ கொண்டுவரும் பையன் வரை ‘போர்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியண்ணன். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அறிமுகமான அன்று ஊர் எது என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. “ஓ, தங்கராஜ் ஊரா!”

எனக்குத் தெரிந்த ஒரே தங்கராஜ் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். போர்தா சொன்னது ஃபுட்பால் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை. 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை ஜெயித்த, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் ஆடியவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வாங்கியபோது இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர். பிறகு கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். அவர் பிறந்தது ஹைதராபாத்தில் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். போர்தாவிடம் போய்த் திருத்தவில்லை. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதையை நானே ஏன் கெடுத்துக்கொள்வது?

போர்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் ஆதரவாளர். இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், கொல்கத்தாவில் இது சாதாரண விஷயம் இல்லை. 1889ல் தொடங்கிய மோகன் பாகன் அந்த நகரத்து மண்ணின் மக்களுக்கு. 1911ல் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷர் ரெஜிமென்ட்டை 2-1 என்று ஜெயித்து ஐ.எஃப்.ஏ. (இந்தியன் ஃபுட்பால் அசோசியேஷன்) ஷீல்டை வாங்கிய அணி அது. ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1 அன்று ஒரு கோபத்தில் பிறந்தது. மோகன் பாகனுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபாகன் அணி, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த சைலேஷ் போஸ் என்கிற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஜோராபாகன் கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறி, ஆள் சேர்த்து, தனிக் கிளப் தொடங்கிவிட்டார்.

பிரிவினைக்குப் பிறகு இந்தக் கிளப்பின் கனம் மாறிவிட்டது. 1947லும் 1950 கலவரத்திலும் லட்சக்கணக்கில் ஜனங்கள் எல்லை தாண்டி வந்தார்கள். போர்தாவும் அப்படித்தான், பரிசாலிலிருந்து ஏழெட்டு வயதில். சியால்தா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் சில வாரம், அப்புறம் ஜாதவ்பூர் பக்கம் அகதிகளே எழுப்பிய பிஜய்கட் காலனி. விட்டு வந்த இடம் கிழக்கு பாகிஸ்தான் ஆனது, பிறகு பங்களாதேஷ் ஆனது. பழைய பெயர் மிச்சமிருந்தது ஒரு ஃபுட்பால் கிளப்பில்தான். அப்பாவுக்கு வேலை இல்லை, ஆனால் மேட்ச் நாளில் மைதானத்துக்கு நடந்தே கூட்டிப் போவார் என்று போர்தா சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்து ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசைக்குப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயர். அகமது கான், அப்பா ராவ், தன்ராஜ், வெங்கடேஷ், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். ஊரிழந்த வங்காளிகளின் சந்தோஷத்துக்கு கோல் போட்டதெல்லாம் பெங்களூரிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த பையன்கள். போர்தா தெற்கத்திக்காரன் என்று என்மேல் காட்டிய பிரியத்துக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நானோ பள்ளிக்கூடத்தில் பந்தைக் கண்டால் ஒதுங்கி நின்றவன்.

ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். அதனால் மேட்ச் நாளில் அவர் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதில் எனக்கும் பங்கு இருந்தது. மைதானத்தில் லீக் ஆட்டங்கள் பிற்பகலில் நடக்கும். இரண்டு மணிக்கு வாடிக்கையாளர் நேரம் முடிந்து ஷட்டர் பாதி இறங்கும். அதற்குப் பிறகு எண்ணி, கட்டி, புத்தகத்தோடு டாலி பார்த்து, கையெழுத்துப் போட்டு உள்ளே வைக்க வேண்டும்.

மேட்ச் நாளில் அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. வேலையை முன்னால் இழுத்துக்கொள்வார். காலையிலிருந்தே கூட்டம் குறையும் நேரமெல்லாம் அழுக்கு நோட்டைத் தனியே பிரித்து, நூறு நூறாக எண்ணிப் பின் அடித்து (அப்போது நோட்டுக் கட்டுக்குப் பின் அடிப்பதுதான் வழக்கம்), மேல் சீட்டில் சுருக்கெழுத்தும் தேதியும் போட்டுவிடுவார். சாப்பாடு கவுண்ட்டரிலேயே, இடது கையால் டிபன் டப்பாவைப் பிடித்தபடி. ஈர ஸ்பாஞ்சு வைத்த கிண்ணத்தில் விரலை ஒற்றி எடுக்கும் வேகம்கூட மாறாது. மற்றவர்கள் இரண்டரைக்கு எண்ண ஆரம்பிப்பதை அவர் இரண்டேகாலுக்கு முடித்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் வந்து நிற்பார். வாய் திறந்து கேட்க மாட்டார். நான் கையிலிருக்கும் வவுச்சரை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் நூறு ரூபாய் குறைந்தது. ஹெட் கேஷியர் தன் பையிலிருந்து போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டுப் போவது எங்கும் நடப்பதுதான். அவருடைய உதவியாளரும் அதைத்தான் சொன்னார். போர்தா பையில் கை வைக்கவில்லை. அன்று கட்டிய கட்டுகளை எல்லாம் பிரித்து எண்ணினார். ஒரு நூறு ரூபாய்க் கட்டில் தொண்ணூற்றொன்பது நோட்டு இருந்தது. அதைக் கண்டுபிடித்தபோது ஆட்டம் பாதிக்கு மேல் போயிருந்தது. “ஏரியன்ஸோடுதானே, பெரிய மேட்ச் இல்லை” என்று எனக்குச் சமாதானம் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்க அந்த உதவியாளரிடம் ஒழுங்காகப் பேசவில்லை.

இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவர் ஏன் ஆபீசர் ஆகவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பரீட்சைக்கு உட்கார்ந்தாலே பாஸ் ஆகக்கூடியவர். கேட்டேன். இரண்டு முறை தேர்வாகி இரண்டு முறையும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். முதல் முறை அஸ்ஸாம், இரண்டாவது ஒரிஸா. “ஞாயிற்றுக்கிழமை வந்து போகலாமே” என்றேன். லீக் ஆட்டம் வாரநாளில்தானே என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “ஒரு தடவை ஊரை விட்டது போதும்” என்று சொல்லிவிட்டு லெட்ஜரைத் திறந்துகொண்டார். வீட்டில் இதனால் சண்டை நடந்திருக்கிறது என்று பின்னால் தெரிந்தது. மனைவி பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆபீசர் சம்பளத்துக்கும் கேஷியர் சம்பளத்துக்கும் இருந்த வித்தியாசம் குறைவானது இல்லை, அவர்களுக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். கிளப் ஆதரவாளர்களைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பொதுவாக எழுதுவதில்லை.

கிளியரிங் செக்‌ஷனில் மோகன் பாகன் ஆள் ஒருவர் இருந்தார். போர்தாவுக்குச் சமவயது, சத்தமான பேச்சு. இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். மோகன் பாகன் ஆடும் நாளில் போர்தா அவருடைய வேலையில் ஒரு பகுதியை முடித்துக் கொடுப்பார், ஈஸ்ட் பெங்கால் ஆடும் நாளில் அவர் இவருக்கு. இரண்டு கிளப்பும் மோதும் டெர்பி நாளில் மட்டும் யாரும் யாருக்கும் உதவி கிடையாது. தோற்றவர் ஜெயித்தவருக்கு மறுநாள் மீன் வாங்கித் தர வேண்டும். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பாகன் ஜெயித்தால் பெரிய இறால். கொல்கத்தாவில் டெர்பி முடிந்த மறுநாள் மீன் மார்க்கெட்டே அப்படித்தான் போகும்.

2024 ஆகஸ்ட்டில், ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் கொல்லப்பட்ட பிறகு, 18ஆம் தேதி நடக்க வேண்டிய டூரண்ட் கோப்பை டெர்பியை ரத்து செய்தார்கள். இரண்டு கிளப் ஆதரவாளர்களும் சால்ட் லேக் ஸ்டேடியம் வாசலில் ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள். நாடு முழுக்க அதை அதிசயமாகப் பேசினார்கள். டல்ஹவுசி ஆபீஸ் ஒன்றில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியிருந்தால் அவ்வளவு அதிசயமாக இருந்திருக்காது.

1997 ஜூலை 13, ஞாயிறு. ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பாகன் பயிற்சியாளர் அமல் தத்தாவின் ‘டைமண்ட்’ வியூகத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. பானர்ஜி. எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கிவிட்டார் போர்தா. சால்ட் லேக்கில் அன்று சுமார் 1,31,000 பேர். அத்தனை பேரை ஒரே இடத்தில் நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் இல்லை. வேர்வை நாற்றம், பொரி மூட்டை, எங்கு பார்த்தாலும் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மெரூனும். ஈஸ்ட் பெங்காலின் பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். 4-1. மூன்றாவது கோலிலேயே எங்களைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள். போர்தா மட்டும் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மோகன் பாகனின் சீமா ஒகோரி எங்கே நிற்கிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி விசில் ஊதிய பிறகுதான் சிரித்தார். டாலி ஆகாமல் கையெழுத்துப் போடாத ஆள்.

வெளியே வரும்போது கூட்டம் நெருக்கியது. என் கையை அழுத்திப் பிடித்து ஓரமாக இழுத்து, கூட்டம் கலையும்வரை ஒரு சுவரோடு நிற்க வைத்தார். அவர் 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இருந்தவர். அன்றைய டெர்பியில் கேலரியில் மூண்ட கலவரத்தில், நெரிசலில் 16 பேர் செத்துப் போனார்கள். அதைப் பற்றி அவர் விவரமாகப் பேசியதே இல்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 16க்கும் அந்தப் பதினாறு பேர் நினைவாக ஐ.எஃப்.ஏ. ரத்ததான முகாம் நடத்தும். போர்தா காலையில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சோடு வந்து கவுண்ட்டரில் உட்காருவார்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் தொடர்பு விடவில்லை. 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவை 3-1 என்று ஜெயித்து ஆசியான் கோப்பையை ஈஸ்ட் பெங்கால் வாங்கியது. அந்த அணியில் தஞ்சாவூர்க்காரர் குலோத்துங்கன் இருந்தார். போர்தா ஓய்வு பெற்றிருந்தார். எஸ்.டி.டி. போட்டு, “உங்க குலோத்துங்கனைப் பார்த்தியா?” என்றார், ஏதோ நான் வளர்த்து அனுப்பியதுபோல. 2004ல் தேசிய லீக். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை தேசிய அளவில் லீக் பட்டம் வரவில்லை. 2020 ஆகஸ்ட்டில் கிளப்புக்கு நூறு வயது ஆனபோது ஊரே பூட்டிக் கிடந்தது. இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐ.எஸ்.எல்.) சேர்ந்த இரண்டாவது சீசனில் 20 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். அவர் போனில் கிளப்பைத் திட்டுவார், நிர்வாகத்தைத் திட்டுவார், முதலாளிகளைத் திட்டுவார். மறுநாள் ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். 2022ல் போய்ச் சேர்ந்தார். மகன் போன் செய்து சொன்னான். அவர் கடைசியாகப் பார்த்த டெர்பி வெற்றி 2019 ஜனவரியில் வந்தது. அதற்குப் பிறகு தோல்வி மேல் தோல்வி. நடக்க முடியாத நிலையிலும் ஒவ்வொரு தோல்விக்கும் மகனிடம் பணம் கொடுத்து கிளியரிங்காரர் வீட்டுக்கு இறால் அனுப்பியிருக்கிறார்.

2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை டெர்பி. ஈஸ்ட் பெங்கால் 1-0. கோல் போட்டது சென்னைப் பையன் நந்தகுமார். மறுநாள் மதியம் கிளியரிங்காரர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே, “உங்க ஊர்க்காரன் எங்களைக் கெடுத்துட்டானே!” என்று கத்தினார். காலையில் மார்க்கெட்டுக்குப் போய் இலிஷ் வாங்கி, பஸ் ஏறி, போர்தாவின் மகனிடம் கொடுத்துவிட்டு வந்தாராம். கிலோ என்ன விலை தெரியுமா, அதுவும் முட்டையில்லாத மீன்தான் வேண்டுமென்று அந்தப் பையன் கேட்கிறான், அப்பனே தேவலை என்று வெகுநேரம் புலம்பினார்.