48 மீட்டரில் ஒரு சிரிப்பு

"எத்தனை போல்ட் கழத்தின தம்பி?" ஹெல்மெட்டுக்குள் சூப்பர்வைசர் அண்ணன் குரல். "எட்டுண்ணே." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். அப்போதும் எட்டு. மூன்றாம் முறை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேலைய நிறுத்து, மேல வா" என்றார். பயங்கரக் கோபம் எனக்கு.

அரபிக்கடலில் ஒரு எண்ணெய் மேடைக்கு அடியில் முக்குளித்துச் செய்யும் வேலை, 48 மீட்டர் ஆழம். எங்கள் தூத்துக்குடிக் கணக்கில் 26 பாகம். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல ஏறக்குறைய 6 மடங்கு. நாள் முழுக்க நாம் இழுத்துவிடும் அதே நைட்ரஜன், அந்த அழுத்தத்தில் மயக்க மருந்துபோல வேலை செய்கிறது. வலி இல்லை, திணறல் இல்லை. உலகத்திலேயே கெட்டிக்காரன் நான்தான் என்ற நினைப்பு மட்டும். பாதி தூரம் ஏறுவதற்குள் தெளிந்துவிட்டது. கள் குடித்தால் வரும் தலைவலிகூடக் கிடையாது.

உடம்பின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் சேம்பரிலிருந்து வெளியே வந்ததும் கேமரா பதிவைப் போட்டுக் காட்டினார். கழன்றிருந்தது இரண்டு. மூன்றாவதைக் கழற்றுவதும் திரும்ப முடுக்குவதுமாக இருந்திருக்கிறேன், முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டு.

1939-இல் ஸ்குவாலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் 73 மீட்டரில் மூழ்கிக் கிடந்தபோதும் இதே கதைதான். வெறும் காற்றோடு இறங்கியவர்கள் குழம்பிப்போக, கப்பலைத் தூக்கும் வேலைக்கு ஹீலியமும் ஆக்ஸிஜனும் கலந்து கொடுத்தார்கள்.

நைட்ரஜனைக் குறைத்து ஆக்ஸிஜனைக் கூட்டினால் போதாதா என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். அது இன்னும் மோசம். மொத்த அழுத்தத்தில் ஆக்ஸிஜனின் பங்கு மட்டும் கரைக் காற்றழுத்தத்தைப்போல 1.6 மடங்கைத் தாண்டினால், சொல்லாமல் கொள்ளாமல் வலிப்பு வரலாம். சாதாரணக் காற்றே 66 மீட்டரில் அந்த எல்லையைத் தொட்டுவிடும்.

பிறகு நானும் ஹீலியத்தில் இறங்கினேன். புத்தி கண்ணாடிமாதிரி இருக்கும். குரல்தான் வாத்துக் குரல். அதைச் சீர்செய்ய மேலே தனியாக ஒரு கருவி. குளிரோ எலும்புவரை போகும், உடைக்குள் வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது மைக் என் கையில். "நல்லா இருக்கியா?" என்று நான் கேட்பதில்லை. கீழே எல்லோரும் நல்லாத்தான் இருக்கிறார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன், எண்ணச் சொல்வேன். போன சீசனில் ஒரு பையன், "எத்தன தடவண்ணே கேப்பீங்க?" என்று எரிந்து விழுந்தான்.

மேலே வரச் சொல்லிவிட்டேன்.