நாவல் மரத்து வீட்டில் தை அமாவாசை

2026 ஜனவரி 16, வெள்ளி

கோட்டக்குப்பம் தாண்டி ஈசிஆரிலிருந்து மேற்கே திரும்பியதும் மண் சிவந்துவிடுகிறது. மஞ்சக்குப்பத்தில் கிளம்பும்போதே அக்கா மகனிடம் சொல்லிவைத்திருந்தேன்: "அங்க யாராவது 'தூக்கிட்டுப் போயிடலாம் சார்'னு சொன்னா, அப்படியே வண்டியைத் திருப்பிடு."

சின்ன வயதில் போலியோ வந்த கால்கள். விடுதிக்குப் போன் செய்தால் "எல்லா வசதியும் இருக்கு" என்பார்கள். போய் நின்றால் வாசலில் மூன்று படி, குளியலறைக் கதவு என் சக்கர நாற்காலியைவிடக் குறுகல். உடனே நாலு பையன்களைக் கூப்பிடுவார்கள். நல்ல மனசோடுதான் தூக்குகிறார்கள். ஆனால் உள்ளே போய்விட்டால் நினைத்த நேரத்துக்கு வெளியே வர முடியாது. ராத்திரி எழுந்து வானம் பார்க்க ஆசைப்பட்டால் அந்த நாலு பேரையும் எழுப்பவேண்டும். அப்புறம் யாருக்கு ஆசை வரும்?

ஆரோவில் காட்டுக்குள் இருக்கும் இந்த மரவீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. காரை விட்டு இறங்கி, நானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு நாவல் மரத்தின் கிளைகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தேன்.

எப்படி முடிந்தது என்பதை எழுதியே ஆகவேண்டும். இந்த மேடு ஒரு காலத்தில் மொட்டைப் பொட்டல். மழைத்தண்ணீர் செம்மண்ணை அரித்துக்கொண்டு கடலுக்கு ஓடி, ஆழமான பள்ளங்களை வெட்டிப்போட்டது. 1968இல் ஆரோவில் தொடங்கிய பிறகு வரப்பு போட்டு, தண்ணீரை நிறுத்தி, மரம் வைத்து வளர்த்த காடுதான் சுற்றிலும் இருப்பது. இந்த நாவல் நிற்பது அப்படியொரு பள்ளத்தில். வேர் கீழே, நடுக்கிளைகள் மேட்டுக்குச் சமமாக. மேட்டின் விளிம்பிலிருந்து ஒரு பாலம் போட்டு வீட்டில் சேர்த்துவிட்டார்கள். நம் நாட்டு விதிப்படி சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது. பத்தடி உயர வீட்டுக்குத் தரையிலிருந்து சாய்தளம் போட்டால் நூற்றிருபது அடி ஓடும். நடுநடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளமும் விடவேண்டும். இங்கே பாலம் ஏறக்குறைய மட்டம். கீழே குனிந்து பார்த்தால்தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதே தெரிகிறது.

ஜனவரி 17, சனி

காலையெல்லாம் வீட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டியவர் யாரோ, ஒரு நாளாவது சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும். பாலத்துப் பலகைகள் எல்லாம் குறுக்குவாட்டில். நெடுக்கே போட்டிருந்தால் முன்சக்கரம் இடுக்கில் மாட்டி ஆளைக் கவிழ்த்துவிடும். கட்டில் நாற்காலியின் உயரத்துக்கே இருக்கிறது. கையை ஊன்றி நகர்ந்தால் போதும். குளியலறைக்கு வாசல்படி கிடையாது, தரைச் சரிவிலேயே தண்ணீர் ஓடிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கைப்பிடிச் சுவர். மரவீடு என்றால் இடுப்புயரத்துக்குத் தடித்த கட்டை போடுவதுதான் வழக்கம். உட்கார்ந்திருப்பவனின் கண்ணுக்கு நேராக அந்தக் கட்டைதான் இருக்கும். நிற்பவர்களுக்குக் காடு, எனக்குக் கட்டை. இங்கே பலகைக்குப் பதில் மெல்லிய கம்பி வடங்களை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நாற்காலியிலிருந்தே பள்ளத்தின் அடிவரை தெரிகிறது. கொண்டலாத்தி ஒன்று செம்மண்ணைக் குத்திக் கிளறிக்கொண்டிருந்தது. பறவையின் முதுகை மேலிருந்து பார்ப்பது எனக்குப் புதிது.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் குயிலாப்பாளையத்துக்காரர். "பாரமெல்லாம் இரும்புத் தூண்லதான்ணே, மரத்துல ஒரு ஆணிகூடக் கிடையாது" என்று காட்டினார். தரையைத் துளைத்துப் போகும் அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி. மரம் பருக்கவும் காற்றில் ஆடவும். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல்களைப் பார்த்த கரை இது, வேறு எப்படிக் கட்டுவது? காசான், உலக்கைப்பாலை, கருங்காலி என்று சுற்றியுள்ள மரங்களையும் அடையாளம் சொன்னார். புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் இன்னும் நிற்கிறவை இந்த ஜாதி மரங்கள்தான். சாமி காடு என்று யாரும் கோடாலி வைக்காததால் பிழைத்தவை.

ஒரு குறை உண்டு, அவரிடமே சொன்னேன். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஐந்து படி. சாப்பாடு மேலே வந்துவிடுகிறது, சரி. ஆனால் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தொலைநோக்கியும் நிற்பவர்களின் உயரத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

அக்கா மகன் அதற்கு வழி கண்டுபிடித்தான். கயிற்றுக் கட்டிலைத் திறந்தவெளித் தளத்துக்கு இழுத்துப் போட்டு, என்னைப் படுக்கச் சொல்லி, கையில் பைனாகுலரைக் கொடுத்தான். விளக்கெல்லாம் தரையோடு தரையாக, சிவப்பு வெளிச்சம். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். வெள்ளை விளக்கு ஒருமுறை எரிந்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு அப்படிக் கெடுப்பதில்லை.

எட்டு மணிக்குக் கார்த்திகை கிட்டத்தட்ட உச்சியில். கிழக்கே சரிந்து ரோகிணி, இன்னும் கீழே சிவந்த திருவாதிரை. இரண்டு வாரம் முன்புதான் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் முடிந்தது. அந்த ஆதிரை இதுதான் என்று அக்காவுக்குக் காட்டினேன். கும்பிட்டுவிட்டு, "இவ்ளோ சிவப்பா இருக்குமா தம்பி?" என்றாள். புனர்பூசத்துக்குப் பக்கத்தில் வியாழன். தலையணையில் முழங்கையை ஊன்றி பைனாகுலரை அசையாமல் பிடித்தபோது, அதன் ஓரத்தில் நிலாக்கள் பொடிப்பொடியாகத் தெரிந்தன. 1610இல் கலிலியோ அவற்றை முதன்முதலாகப் பார்த்ததும் ஒரு ஜனவரி மாதத்தில்தான். பதினொரு மணிவாக்கில் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் உச்சத்துக்கு வந்தது. வடதுருவத்தை நெருங்கியவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நமக்குத் தெரியும்.

ஜனவரி 18, ஞாயிறு, தை அமாவாசை

நாலரைக்கு விழிப்பு வந்தது. யாரையும் எழுப்பவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர்ந்து, கதவைத் தள்ளி, தளத்துக்குப் போனேன். பலகையெல்லாம் பனி ஈரம். தெற்கே புதுச்சேரியின் வெளிச்சம் அடிவானத்தில் மங்கலாகப் படர்ந்திருந்தது, அதற்குச் சற்று மேலே தென்சிலுவை நேராக நின்றது. பின்பக்கம் திரும்பினால் வடக்கே சப்தரிஷி மண்டலம், வசிஷ்டரை ஒட்டி அருந்ததி. பக்கிக்குருவி விடாமல் கூவிக்கொண்டிருந்தது. நினைத்தபோது எழுந்து, நினைத்த இடத்துக்குப் போய், வேண்டிய மட்டும் இருந்தேன். இதற்குத்தான் வந்தேன்.

அமாவாசைக்கு அண்ணன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டிருப்பார். அந்த மணலில் என் சக்கரம் ஓடாது. அக்கா இங்கேயே வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் வைத்து, முதல் பிடி சோற்றை வாழையிலையில் என்னிடம் கொடுத்தாள். "நீயே வை." கம்பி வடத்துக்கு வெளியே நீளும் பலகையில் வைத்தேன். காகம் பக்கத்துக் கிளையிலிருந்து என் கண்ணுக்கு நேரே வந்து உட்கார்ந்தது. வீட்டில் எனக்காக யாராவது மாடிக்குப் போய் வைத்துவிட்டு வருவார்கள், கீழே இருந்தபடி "எடுத்துச்சா?" என்று கேட்பேன்.

ஜனவரி 19, திங்கள்

மதியம் வீடு வந்தாயிற்று. பாலத்தின் அகலம், பலகை இடைவெளி, கம்பி வடங்களின் உயரம், நாற்காலி திரும்ப விட்டிருக்கும் ஐந்தடி வட்டம், எல்லாவற்றையும் கிளம்புமுன் அக்கா மகன் டேப் பிடித்து அளந்து எழுதித் தந்தான்.

காடாம்புலியூரில் சித்தப்பா மகனுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறது. விருந்தினர் தங்க ஒரு மரவீடு கட்டவேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் போன் போட்டு, தோப்பையொட்டி ஓடைப்பள்ளம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். பின்பக்கம் ஒன்று இருக்கிறதாம், விளிம்பிலேயே ஒரு பெரிய பலாமரமும் இருக்கிறதாம். பிப்ரவரி 1 தைப்பூசம். வடலூர் ஜோதி பார்க்கப் போகும்போது பண்ருட்டி வழியாகப் போய் அதைப் பார்த்துவிட்டு வருவதாகப் பேசிவைத்திருக்கிறோம். டேப்பை மறக்காமல் காரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.